கிரில்லில் ரேம் ஏர் டக்ட் மாட்டுவது எப்படி: பெங்களூர் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரின் முன் கிரில்லுக்குப் பின்னால் அகலமான ஒரு வாயை வைத்து, அதிலிருந்து குழாய் போட்டு, எதிர்க்காற்றை நேராக ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுபோகும் அமைப்புக்குத்தான் ரேம் ஏர் டக்ட் என்று பெயர். வேலை பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் இந்த ஊரில் நான் பார்த்த பல கார்களில் ஒரு குறை இருந்தது. காற்று உள்ளே வர வழி செய்திருந்தார்கள். அதே வழியாக வரும் தண்ணீர் வெளியே போக வழி செய்யவில்லை. என் முதல் காரிலும் அந்தத் தப்பு நடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை மூன்று கார்களில் மாட்டியிருக்கிறேன். ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் நண்பர்களுடையவை. எல்லாம் சி.வி. ராமன் நகர் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், இரண்டு பேர் சேர்ந்து செய்தது. லிஃப்ட், பிட் எதுவும் தேவைப்படவில்லை.

வாங்குவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

காற்று மோதும் வேகத்தால் இன்ஜினுக்கு அழுத்தம் கூடும், பவர் எகிறும் என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் சுமார் 400 பாஸ்கல். பெங்களூரில் சாதாரணமாக இருக்கும் காற்றழுத்தமே சுமார் 91,000 பாஸ்கல். அரை சதவீதம்கூட வரவில்லை, பார்த்தீர்களா? 200 குதிரைத்திறன் இன்ஜினில் அது ஒரு குதிரைக்குக்கூடப் போதாது. ரேஸ் டிராக்கில் 200 கிலோமீட்டர் வேகம் தொட்டால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். அப்போதும் இரண்டு சதவீதத்தைத் தொடாது.

சென்னையிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவர்கள் டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத கார் வைத்திருந்தால், “வண்டி இங்கே கொஞ்சம் மந்தமா இழுக்குது” என்பார்கள். அது மனப்பிரமை இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. அந்தப் பத்து சதவீதத்தை டக்ட் வைத்து மீட்க வேண்டும் என்றால் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். எனவே அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவோம்.

அப்புறம் எதற்கு டக்ட்? வெப்பத்துக்காக. சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டி பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே பாதிக்குப் பாதி இழுக்கிறது. முக்கியமாக, பெட்டியையே கழற்றிவிட்டு வெறும் கூம்பு ஃபில்டர் மாட்டிய கார்களில் இது நிச்சயம். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரிக் காற்று 60 டிகிரிக் காற்றைவிடப் பத்து சதவீதம் அடர்த்தியானது. ஒரே கொள்ளளவில் பத்து சதவீதம் கூடுதல் ஆக்சிஜன். உள்ளே போகும் வழியில் அந்தக் காற்று மறுபடி கொஞ்சம் சூடாகும் என்பதால் முழுப் பலனும் கைக்கு வராது. ஆனாலும் அரை சதவீத அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இதுதான் நிஜமான லாபம். சூடான காற்று போனால் எரிபொருள் தப்பான நேரத்தில் வெடித்து இன்ஜின் நாக் அடிக்காமல் இருக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு, தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்குத் தள்ளிப் பவரைக் குறைத்துவிடும். குளிர்ந்த காற்று போனால் அந்தக் குறைப்பு இருக்காது.

டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்கிறது. அவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு.

ஆக, டக்டின் வேலை காற்றைத் திணிப்பது இல்லை, வெளிக்காற்றைச் சூடாகாமல் கொண்டுபோவது. இது மனதில் பதிந்துவிட்டால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் சுலபம். வாய் எவ்வளவு பெரிது என்பதைவிடக் குழாய் எவ்வளவு நன்றாக மூடியிருக்கிறது என்பதே முக்கியம்.

உங்கள் காருக்குத் தேவையா?

இதைத் தெரிந்துகொள்ளச் செலவு மிகக் குறைவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கோளாறைக் கண்டறிய மெக்கானிக் பயன்படுத்தும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று வாங்குங்கள். போனில் ஏதாவது ஓபிடி ஆப் போட்டு, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை மட்டும் திரையில் வையுங்கள். பிறகு வழக்கமாகப் போகும் பாதையிலேயே ஒரு முறை ஓட்டுங்கள். நான் சில்க் போர்டில் ஆரம்பித்து எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி அத்திப்பள்ளி வரை போவேன். நெரிசல், சீரான ஓட்டம் இரண்டும் ஒரே பாதையில் கிடைக்கும். போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, குறிப்பெடுக்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சில்க் போர்டு நெரிசலில் எண் ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிற்கிற காருக்கு எந்த டக்டும் உதவாது. பார்க்க வேண்டியது மேம்பாலத்தில் பத்து நிமிடம் சீராக ஓடிய பிறகு வரும் எண்ணை. வெளி வெப்பநிலையைவிட ஐந்தாறு டிகிரி மட்டும் அதிகம் என்றால் கார் கம்பெனி மாட்டிக் கொடுத்த குழாயே நன்றாக வேலை செய்கிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் தயாரிப்பாளரே கிரில்லின் மேல் ஓரத்திலிருந்து காற்று எடுக்கும்படி வடிவமைத்திருப்பார். அப்படி இருந்தால் பணத்தை நல்ல டயரில் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. பதினைந்து, இருபது டிகிரி வித்தியாசம் இருந்தால் மேலே படியுங்கள்.

அந்த எண்களைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு இதே பாதையில் இதே நேரத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

உங்கள் கார் மாடலுக்கென்றே அச்சில் வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் டக்ட் கிடைத்தால் அதுவே நல்லது. துளைகள் சரியான இடத்தில் இருக்கும். கார்பன் ஃபைபர் பார்க்க அழகு. கிரில்லுக்குப் பின்னால் இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

இப்போது பெங்களூரில் 3டி பிரின்ட் செய்து தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டிசைன் ஃபைல் இருந்தால் இரண்டு நாளில் கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்க வேண்டிய ஒரே கேள்வி, எந்தப் பிளாஸ்டிக் என்பது. பிஎல்ஏ என்றால் வேண்டாம். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெயிலில் நிறுத்திய காரில் ஒரே மதியத்தில் வளைந்து தொங்கிவிடும். ஏஎஸ்ஏ அல்லது ஏபிஎஸ் கேளுங்கள். இரண்டும் 100 டிகிரி பக்கம் வரை தாங்கும்.

வாயிலிருந்து பெட்டி வரை போகும் வளைகிற குழாய்க்கு ஜே.சி. ரோட்டில் கேட்டால் சிலிக்கோன் பூசிய கண்ணாடி இழைக் குழாய் கிடைக்கும். உள்ளே கம்பிச் சுருள் இருப்பதால் மடித்தாலும் வாய் மூடாது. சிலர் விலையைப் பார்த்துவிட்டு சமையலறைச் சிம்னிக்குப் போடும் வெள்ளி நிற அலுமினியக் குழாயை வாங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தகடு அப்பளம் மாதிரி. அதிர்வில் மடிப்பு மடிப்பாகக் கிழியும். கிழிந்த துண்டுகள் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ச் சேரும்.

குழாயின் அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. மூன்று லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது விநாடிக்குச் சுமார் 150 லிட்டர் காற்றைக் குடிக்கும். மூன்று அங்குலக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்குள் காற்று விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இரண்டு குழாய் போட்டால் பாதி வேகம் போதும், தடையும் நன்றாகக் குறையும். எனவே பெரிய இன்ஜினுக்கு இரட்டை டக்ட். ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டருக்கு ஒன்று தாராளம்.

இவற்றோடு ஹோஸ் கிளிப், ரப்பர் வாஷரோடு எம்6 போல்ட் நட்டு, அலுமினியப் பட்டை, ஒட்டுகிற ஃபோம் பட்டை, சன்னமான ஸ்டீல் வலை, கூடுதலாகப் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கிளிப்களில் இரண்டு மூன்றாவது உடையும். கருவிகள் என்று பார்த்தால் பத்தாம் நம்பர் ஸ்பேனர், டார்க்ஸ் பிட் செட், பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப், நல்ல டார்ச். அவ்வளவுதான்.

கழற்றும் வேலை

கார் இரவெல்லாம் நின்றிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கை விடுவது ஆபத்து. சில கார்களில் இக்னிஷன் ஆஃப் ஆக இருந்தாலும் ஃபேன் தானாகச் சுற்றும். அதனால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும். டிக்கி ஸ்விட்சில் மட்டும் திறக்கும் வகை என்றால், வேலை முடியும் வரை அதை மூடிவிடாதீர்கள். பேட்டரி உள்ளே, சாவி வெளியே என்று ஆகிவிடும்.

பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்கு மேலே கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தெரியும். அதைப் பிடித்திருக்கும் கிளிப்களின் நடுக் குமிழை நெம்பி மேலே தூக்குங்கள். பிறகு முழு கிளிப்பும் கையோடு வரும். நடுக் குமிழைத் தூக்காமல் நெம்பினால் உடையும். கழற்றியதை எல்லாம் ஒரே டப்பாவில் போடக் கூடாது, நீளம் வேறு வேறு. நான் பழைய இட்லித் தட்டு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். இடது ஓரத்துக் கிளிப் இடது குழியில், நடுவில் இருந்தது நடுக் குழியில் என்று கழற்றிய வரிசையிலேயே வைத்தால் திரும்ப மாட்டும்போது தடுமாற்றமே வராது. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில கார்களில் கிரில் தனியாக முன்பக்கம் கழன்று வரும். சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டும். பம்பர் என்றால் கட்டாயம் இரண்டு பேர். தரையில் ஜமுக்காளத்தை விரியுங்கள், முழுதாக இழுப்பதற்கு முன் பார்க்கிங் சென்சார், ஃபாக் லைட் வயர்களைப் பிரியுங்கள். ஏர்பேக்குக்கான மோதல் சென்சார் முன்பக்கம்தான் இருக்கும். அதன் பக்கத்தில் துளை போடவோ, அதை அசைக்கவோ கூடாது. புதிய கார்களில் கிரில் அல்லது லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருந்தால் அதற்கு முன்னால் எதுவும் வரக் கூடாது. வேறு இடம் இல்லை என்றால் அந்தக் காருக்கு இந்த டக்ட் சரிப்படாது.

கடைசியாக, கம்பெனிக் குழாயைக் கழற்றுங்கள். வெட்டாமல், உடைக்காமல். அது திரும்பத் தேவைப்படும். ஃபில்டர் பெட்டியின் வாய் திறந்ததும் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அடைத்த துணிகள் எத்தனை என்பதை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபெண்டர் மேல் ஒட்டுங்கள். மூடும்போது அந்த எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.

இடம் பார்ப்பது

இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம். கிரில் வழியாக வரும் காற்றுக்கு ஏற்கெனவே பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஏசி கண்டென்சர், ரேடியேட்டர், டர்போ காராக இருந்தால் இன்டர்கூலர். டக்டின் வாயை அவற்றின் நெற்றிக்கு நேராக வைத்தால் நெரிசலில் ஏசி குளிராது, கோடையில் டெம்பரேச்சர் முள் ஏறும். வாய்க்குச் சரியான இடம் கண்டென்சருக்கு மேல் ஓரம், அல்லது கிரில்லின் ஓரத்தில் பின்னால் எதுவும் இல்லாத வெற்றிடம்.

முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி டக்ட் மாதிரி ஒன்றைச் செய்து வைத்துப் பாருங்கள். பானெட் லாக், ஹாரன், வயர் கட்டு எதிலும் தட்டக் கூடாது. அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு நிஜ டக்டைத் தற்காலிகமாக வைத்து, அதன் மேல் நான்கைந்து இடங்களில், பிள்ளைகள் விளையாட வாங்கும் கிளேயை உருண்டை உருண்டையாக ஒட்டுங்கள். பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை நசுங்கி எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. ஒரு சென்டிமீட்டராவது வேண்டும். என் நண்பரின் காரில் நான்கு உருண்டைகள் கனமாக நின்றன, லாக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் காகிதம் மாதிரி தட்டையாகிவிட்டது. அந்த ஓரத்தை அரத்தால் தேய்த்த பிறகுதான் வேலையைத் தொடர்ந்தோம். கண்ணால் பார்த்தபோது நிறைய இடம் இருப்பது போலத்தான் தெரிந்தது.

பொருத்துவது

டக்டைக் கிரில்லோடு ஒட்டவோ, கட்டவோ வேண்டாம். கிரில் மெல்லிய பிளாஸ்டிக். யாராவது அங்கே கை வைத்துக் காரைத் தள்ளினாலே அசையும். ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகும் உலோகச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளைத் தேடுங்கள். அலுமினியப் பட்டையை எல் வடிவில் வளைத்து, எம்6 போல்ட், இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து அங்கே முடுக்குங்கள். வாய் கிரில் கம்பிகளிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் நிற்கட்டும். கேபிள் டை துணைக்கு இருக்கலாம், எடை முழுவதையும் அது தாங்கக் கூடாது.

புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்று முறை பாருங்கள். டிரில் பிட்டில் ஒரு சென்டிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொண்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். கண்டென்சரில் ஊசி முனை அளவு துளை விழுந்தாலும் ஏசி கேஸ் மொத்தமும் போய்விடும்.

அடுத்து, குழாயை டக்டிலிருந்து ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். மிகக் குறுகிய வழி, மிகக் குறைந்த வளைவு, ரேடியேட்டரின் சூடான பின்பக்கத்தைத் தொடாத பாதை. பெட்டி சில கார்களில் இன்ஜினோடு சேர்ந்தே ஆடும். எனவே குழாயை விறைப்பாக இழுக்காமல் இரண்டு விரல் தளர்வு விடுங்கள். குழாயைக் கையால் திருகினால் சுற்றாத அளவுக்கு ஹோஸ் கிளிப்பை முடுக்கினால் போதும். இன்னும் ஒரு சுற்று என்று இழுத்தால் பிளாஸ்டிக் வாய் நீள்வட்டமாகிவிடும், காற்றுக் கசியும்.

இணைப்பைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டுங்கள். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒரு விரல் அகல இடைவெளி இருந்தாலும் இன்ஜின் சுலபமாகக் கிடைக்கும் சூடான காற்றைத்தான் இழுக்கும். செய்த வேலையில் பாதி வீண்.

ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் எதையும் தொடாதீர்கள். காற்றின் அளவைக் கணக்கிடும் சென்சார் பல கார்களில் அங்கேதான் இருக்கும். குழாயின் விட்டம் மாறினால் அதன் கணக்கே மாறிவிடும். ஃபில்டருக்கு முன்னால் மட்டும் வேலை செய்யும் வரை இசியுவைத் தொடத் தேவையே வராது.

தண்ணீர்

முதன்முதலில் என் காரில் மாட்டியபோது டக்டின் வாய் உயரத்திலும் ஃபில்டர் பெட்டி தாழ்விலும் இருந்தன. அது அழகாகப் பொருந்தியதால் நான் யோசிக்கவில்லை. ஒரு செப்டம்பர் மாலை பெல்லந்தூர் பக்கம் கொட்டுகிற மழையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஏதோ தோன்றி ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். காகித ஃபில்டரின் கீழ் ஓரம் நனைந்து, மடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஊறிய அவல் மாதிரி உப்பியிருந்தது. பெட்டியின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்.

அல்சூரில் டிங்கர் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வேலூர்க்காரர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, காத்துக்கு வாசல் வச்சிருக்கீங்க, தண்ணிக்குக் கொல்லைப்புறம் வைக்கலையே” என்றார்.

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு கை அளவு தண்ணீர் உள்ளே போனாலே மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யும் செலவு பழைய கார் ஒன்றின் விலையைத் தொடும். எனவே இந்த நான்கையும் விடாமல் செய்யுங்கள்.

வாயிலிருந்து பெட்டி வரை குழாய் மேல்நோக்கி ஏற வேண்டும். அப்படி அமையவில்லை என்றால் நடுவில் ஒரு தொய்வு விட்டு, மறுபடி மேலே ஏற்றுங்கள். வீட்டு சிங்க்கின் அடியில் இருக்கும் வளைவு மாதிரி, தண்ணீர் அங்கே தங்கட்டும். அந்தத் தாழ்ந்த புள்ளியில் எட்டு முதல் பத்து மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். அவ்வளவு சின்னத் துளை வழியாகப் போகும் காற்றால் எந்த நஷ்டமும் இல்லை. ஃபில்டர் பெட்டியின் அடியில் கம்பெனியே ஒரு வடிகால் வைத்திருக்கும். சருகும் மண்ணும் அதை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாயில் ஸ்டீல் வலையைப் பொருத்துங்கள். வலை மழையைத் தடுக்காது, ஆனால் வடிகாலை அடைக்கும் குப்பையைத் தடுக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தபேபுயா மரத்தடியில் நிறுத்தினால் அந்த இளஞ்சிவப்புப் பூவெல்லாம் கிரில்லுக்குள் விழும். வாரம் ஒரு முறை வலையைத் துடைப்பது நல்லது.

பிறகு சோதனை. இன்ஜின் ஆஃப். ஃபில்டருக்கு முன்னால் பெட்டியின் அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்து மூடுங்கள். தோட்டத்துக் குழாயால் கிரில்லின் மேல் இரண்டு நிமிடம் தண்ணீர் அடியுங்கள். திறந்து பாருங்கள். டிஷ்யூ காய்ந்திருந்தால் சரி. ஓரத்தில் இரண்டு புள்ளி நனைந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். தொப்பலாக இருந்தால் சரிவை மாற்றாமல் ரோட்டில் இறக்க வேண்டாம். ஓடும் இன்ஜின் இழுப்பதால் நிஜ மழையில் இதைவிட அதிகம் போகும். எனவே முதல் மழைக்குப் பிறகும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். டக்ட் மாட்டிய காரில் காற்று எடுக்கும் வாய் கம்பெனி வைத்ததைவிடத் தாழ்வாக இருக்கலாம். டேப் வைத்துத் தரையிலிருந்து அளந்து, அந்த எண்ணை நினைவில் வையுங்கள். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஏரியாக மாறியதையும் கார்கள் மூழ்கியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால் உள்ளே இறங்காதீர்கள், முன்னால் போகிறவர் போய்விட்டார் என்பதற்காகவும் இறங்காதீர்கள். உயிருக்கே ஆபத்து அது. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. பல இன்ஜின்கள் உடைவது அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். தள்ளி ஓரம் கட்டி, டோ வண்டியைக் கூப்பிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குழாய் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பம்பரை வெட்டுவது, வாயை வெளியே நீட்டுவது, நம்பர் பிளேட்டை நகர்த்துவது எல்லாம் வம்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ன மாட்டினீர்கள் என்று ஒரு மெயில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள். வாரன்டியில் இருக்கும் காராக இருந்தால் வாரன்டி முடியும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மாட்டிய பிறகு

துணிகளை எண்ணி எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியக் கூடாது. ஐடிலில் விசில் சத்தம் வந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கடகட என்றால் பட்டை தளர்வாக இருக்கிறது. இரண்டும் சரியென்றால் பழைய பாதைக்கே போங்கள். அதே நேரம், அதே வேகம். முன்பு எழுதிவைத்த எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். ஓடும்போது பத்து டிகிரி குறைந்திருந்தால் வேலை வெற்றி. மாற்றமே இல்லை என்றால் ஃபோம் பட்டையை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்க இறங்க வெளிவெப்பமே கூடும். அதனால் வெறும் எண்ணை ஒப்பிடாமல், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடுங்கள்.

அதிக வேகம் நீண்ட நேரம் கிடைக்கும் இடம் ரேஸ் டிராக்தான். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் என்று நம் ஊர்ப்பக்கமே இருக்கின்றன. டிராக் நாளுக்குப் போகிறவர்களுக்கு இந்த டக்ட் உண்மையிலேயே பயன்படும்.

200 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். ஏர் ஃபில்டரை இனி 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். எதிர்க்காற்றோடு மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளின் தூசும் நேராக உள்ளே வருகிறது.

கழற்றிய கம்பெனிக் குழாயையும் அதன் கிளிப்களையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே மார்க்கரால் ‘மே கடைசி வாரம்’ என்று பெரிதாக எழுதிப் பரணில் வையுங்கள். மழைக்காலம் முழுவதும் அதைத்தான் மாட்டி ஓட்டப் போகிறீர்கள். நவம்பர் முடிந்ததும் டக்டைத் திரும்ப மாட்ட இருபது நிமிடம் போதும்.